வருகைப் பதிவேட்டில் இரண்டு அய்யாவு

தாரணி தன் அப்பாவின் பெயரை யார் முன்னாலும் உரக்கச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டபோதும், ரேஷன் கார்டுக்குக் கேட்டபோதும் எழுதித்தான் காட்டியிருக்கிறாள். அம்மா அப்படி வளர்த்திருந்தாள். அதனால், 1995 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை, புதிதாக வந்த ஆறு மாணவர்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள் மூன்றாவது பெயரில் தடுக்கிவிட்டாள்.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேல்மாடி அது. சுரேந்தர் என்பவர் அங்கே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஜன்னல்களில் எந்தக் காலத்திலோ போட்ட நீலக் கண்ணாடி. ஜூலைத் தூறல் அதில் வழியும்போது அறை முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல ஒரு வெளிச்சம் பரவும். கீழே மார்க்கெட்டில் மல்லிகையும் வெற்றிலையும் கூவி விற்கிறவர்களின் சத்தம் படியேறி வருவதற்குள் தேய்ந்து, யாரோ தூக்கத்தில் பேசுவதுபோல் வந்து சேரும். இருபத்தைந்து வயதான தாரணி மூன்று வருடமாக அங்கே ஆரம்ப வகுப்பு எடுத்துவந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எடுப்பது அதுதான் முதல் தடவை.

பிள்ளைகள் ரெயூனியன் தீவிலிருந்து வந்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, பிரெஞ்சு பேசுகிற சின்னத் தீவு. நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழ் தேசத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வம்சம். தமிழ் எப்போதோ போய்விட்டது. பெயர்கள் மட்டும் தங்கியிருந்தன, அவையும் பிரெஞ்சு குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியவை. ஆறு பேருக்கும் பதினான்கு, பதினைந்து வயது. பள்ளியில் பெயருக்கு இங்கிலீஷ் படித்தவர்கள், ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. லண்டனுக்கு அனுப்பக் கட்டுப்படியாகாத பெற்றோர்கள், இந்தியாவைப் பார்த்தது போலவும் இருக்கும், பாஷையைக் கற்றது போலவும் இருக்கும் என்று ஏழு வார விடுமுறைக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். கூட வந்திருந்த சொலாஞ் என்ற டீச்சரம்மாவுக்கு இங்கிலீஷ் சுமாராக வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, முதுகு வளையாமல் உட்காரும் மனுஷி.

பட்டியலில் மூன்றாவது பெயரின் எழுத்துக்கூட்டல் கோணலாகத்தான் இருந்தது. ஆனால் வாய்விட்டுப் படித்தால் வேறு விதமாக ஒலிக்க வழியே இல்லை. தாரணி பட்டியலிலிருந்து கண்ணெடுக்காமல் வாசித்தாள்.

"அய்யாவு."

இரண்டாவது பெஞ்சில் சுருட்டை முடியை இரட்டைப் பின்னல் போட்டிருந்த பெண் கை தூக்கினாள். அதே நேரம், கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரும் மெதுவாக இடது கையைத் தூக்கினார்.

அது அவளுடைய அப்பா.

எட்டு மாதத்துக்கு முன்னால், மைசூர் ஓரத்தில் அவர்கள் குடியிருந்த ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் பாக்கிங் பிரிவில் நின்றுகொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் வலது கையும் விழுந்தன. கால் பாதி திரும்பியது, கோல் ஊன்றி நடந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாக்கு மரத்துப்போகவில்லை, சொற்கள்தான் எங்கேயோ போய்விட்டன. மிச்சம் நின்றது ஒரே ஒரு சொல்: போதும். பசித்தாலும் போதும், வலித்தாலும் போதும், தாரணி வீட்டுக்குள் நுழைந்தால் முகமெல்லாம் மலர்ந்து போதும் போதும். தான் சொல்ல நினைத்தது அதுவல்ல என்று அவருக்கே தெரியும். சொன்ன மறு நிமிஷம் கண் சிவந்து தலையைத் திருப்பிக்கொள்வார். "விடாம பேசிப் பழக்குங்கம்மா, வரலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரும் என்று சொல்லவில்லை.

அம்மா சித்தம்மாவுக்கு ஊதுவத்திக் கம்பெனியில் காலை ஷிப்டு. வீட்டில் அவரைத் தனியாக விட முடியாது. அதனால் தாரணி தினமும் அவரைக் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, வகுப்புக்குக் கூட்டிவந்து, கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவாள். சுரேந்தர் முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தன் கன்னடம் கலந்த தமிழில், "சும்னே உக்காந்திருக்கட்டும் விடு. ஸ்டூடண்ட்ஸ் ஜாஸ்தி இருக்கற மாதிரியாவது தெரியும்" என்றார்.

இரண்டு கைகள் தூக்கியிருப்பதைப் பார்த்து பிள்ளைகள் சிரித்தார்கள். இரட்டைப் பின்னல் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து கடைசி பெஞ்சுக்கு நடந்து போய், தன் நெஞ்சில் விரல் வைத்து, "அயாவு" என்றாள். பிறகு அவர் நெஞ்சைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள்.

"போதும்" என்றார் அய்யாவு.

"போதும்" என்று அவளும் பணிவாகத் திருப்பிச் சொன்னாள். வணக்கம் என்பதற்கு இந்த ஊரில் இதுதான் சொல்லாக்கும் என்று எண்ணிக்கொண்டாள். அய்யாவு அவளுடைய குடும்பப் பெயர், அவள் பெயர் மரி தெரேஸ். அன்று முதல் அவள் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ஆறு பிள்ளைகளும் படியேறி வந்ததும் வரிசையாகக் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கைகூப்பி, "போதும், போதும்" என்றார்கள். அய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து தாரணி பார்த்தது அன்றுதான். அவளுக்கு அந்தத் தப்பைத் திருத்த மனம் வரவில்லை. அதை லுதோவிக் முத்துசாமி என்ற குண்டுப் பையனே நான்காம் நாள் கண்டுபிடித்தான். ஒரு மெஸ்ஸில் இலை போட்டுச் சாப்பிடும்போது, சாம்பார் ஊற்ற வந்த தமிழ்க்காரரைப் பார்த்து, மரியாதையாக இருக்கட்டுமே என்று "போதும்" என்றான். சாம்பார் நின்றது. ரசத்துக்கும் சொன்னான், ரசமும் நின்றது. பாயசக்காரர் தூரத்திலேயே திரும்பிப் போய்விட்டார். வெறும் சோற்றோடு உட்கார்ந்திருந்தவனுக்கு தாரணி சொலாஞ் டீச்சர் வழியாக விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் சிரித்துச் சிரித்து இலையில் கவிழ்ந்துவிட்டார்கள்.

அதைக் கேட்டதும் தெரேஸ் மட்டும் வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தாள். பெரியவர் இத்தனை நாளும் தன்னிடம் என்ன சொல்ல வந்தார் என்று அவள் யோசிப்பதாக தாரணிக்குத் தோன்றியது.

பாடம் மெதுவாகத்தான் போனது. தாரணிக்குப் பிரெஞ்சு தெரியாது, அவர்களுக்குத் தமிழோ கன்னடமோ தெரியாது. நடுவில் இருந்த ஒரே பாலம் இங்கிலீஷ், அதைத்தான் இன்னும் கட்டவேயில்லை. ஆகவே அவள் கீழே இறங்கிப்போய்க் கூடை நிறையச் சாமான் வாங்கிவந்து மேஜையில் கொட்டினாள். எலுமிச்சை, வெற்றிலை, செவந்திப் பூ, பித்தளைக் கரண்டி, தேங்காய். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்பாள். "ஸிஸ் இஸ் எ லெமோன்" என்று ஆறு குரல் கூட்டமாக எழும். நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துச் சொல்லுங்கள் என்று கண்ணாடியில் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். பிரயோஜனம் இல்லை, திஸ் கடைசிவரை ஸிஸ்ஸாகவே இருந்தது. ஹவுஸில் ஹகரம் காணாமல் போனது. நீல வெளிச்சத்தில் ஒரு தேங்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் அதற்கு இப்போதுதான் முதன்முதலாகப் பெயர் வைப்பதுபோல் ஆறு பேர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கையில், தாரணிக்குச் சில சமயம் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வரும்.

தெரேஸுக்கு வாக்கியம் மனதில் நிற்கவே இல்லை. நேற்றுச் சொன்னது இன்று இருக்காது. இரண்டாவது வாரத்தில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பெஞ்சின் மேல் விரல்களால் தாளம் போட்டு, வாக்கியத்தைப் பாட்டாக இழுத்தாள். அவர்கள் தீவுக் கோயிலில் திருவிழாவுக்குப் பாடுகிற மெட்டாம். பொருள் தெரியாமலே சின்ன வயதிலிருந்து பாடியதாம். "ஸிஸ் இஸ் எ ப்ளவர்... ஸிஸ் இஸ் எ ப்ளவர்..." என்று செவந்தியைச் சுழற்றிக்கொண்டு அவள் பாட, மற்றவர்களும் தாளம் போட்டார்கள். தாரணி தடுக்கவில்லை. எப்படியாவது வாயில் ஏறினால் சரி.

அய்யாவும் இடது கையால் பெஞ்சைத் தட்டினார். தாளம் பிசகாமல் தட்டினார். அவர் உதடு அசைவதை தாரணி பார்த்தாள். போதும் என்றுதான் வரும் என்று நினைத்து வேறு பக்கம் திரும்பினாள்.

"ஸிஸ்... இஸ்... எ... ப்ளவர்."

கரகரத்த, துருப்பிடித்த கதவு திறப்பது போன்ற குரல். பாட்டு நின்றுவிட்டது. அய்யாவு தெரேஸின் கையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல அவர் கண் விரிந்தது. தெரேஸ் மறுபடி தாளத்தைத் தொடங்கினாள். அவர் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். தாரணி கரும்பலகைப் பக்கம் திரும்பி, சாக்பீஸைப் பிடித்தபடி எதுவும் எழுதாமல் நின்றாள். சந்தோஷந்தான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் கிடந்தது. எட்டு மாதமாகக் காலையும் மாலையும் பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா சொல்லுங்க, அ... ப்... பா" என்று கெஞ்சியவள் அவள். வார்த்தை வந்ததோ, நேற்று வந்த ஒரு பெண்ணிடம், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷையில்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது சித்தம்மா நம்பவில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து இருபத்தெட்டு வருடம் மைசூரில் இருந்தும் ஊர்ப் பேச்சு மாறாதவள். வாசலில் வாடியிருந்த ஒரு செம்பருத்தியைப் பறித்து வந்து நீட்டினாள்.

"ஏனுங்க, இது என்னங்க? சொல்லுங்க பார்க்கலாம்."

அய்யாவு இடது கையால் தொடையைத் தட்டினார். "ஸிஸ் இஸ் எ ப்ளவர்."

சித்தம்மா பூவைத் தரையில் வைத்தாள். "சிச்சீன்னு என்ன கண்ணு சொல்றாரு?"

"திஸ்னு சொல்றாரும்மா. அந்தப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் வருது. அப்பாவும் அப்படியே புடிச்சுக்கிட்டாரு."

சித்தம்மா அடுக்களைக்குள் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. பிறகு அங்கிருந்தே பேசினாள். "குளிப்பாட்டி உடறது நானு. சோறூட்டி உடறது நானு. எங்கிட்டப் பேசறதுக்கு ஒரு வார்த்த இல்ல. அந்தப் புள்ளைககிட்ட இங்கிலீசு வருதா? இருக்கட்டும், இருக்கட்டும்."

அய்யாவு வாயைத் திறந்தார். வந்தது போதும்தான். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த பத்து நாளில் லெமன் வந்தது, வாட்டர் வந்தது, ஸ்பூன் வந்தது. எல்லாம் தாளத்தோடுதான், எல்லாம் ஸிஸ் இஸ் என்ற வாசல் வழியாகத்தான். தாளத்தை நிறுத்தினால் சொல்லும் நின்றுபோகும். டாக்டரிடம் கேட்டபோது, பாட்டு மூளையின் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது, அந்த வழியாகச் சில பேருக்குச் சொல் திரும்பும் என்றார். தெரேஸுக்கும் அவருக்கும் ஒரே அளவு இங்கிலீஷ்தான் இருந்தது. இடைவேளையில் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிற குடை, மாடு, சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லுவார்கள். தெரியாததற்கு இருவரும் தோளைக் குலுக்கிக்கொள்வார்கள். பாசாங்கே இல்லாத அப்படி ஒரு பேச்சை தாரணி அதுவரை எங்கும் கேட்டதில்லை.

நான்காவது வாரம் சொலாஞ் டீச்சர் சுரேந்தரிடம் புகார் சொன்னார். பிள்ளைகள் நேரத்தில் பாதி அந்தப் பெரியவருக்குப் போகிறது, பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள், ஊருக்குப் போய்ப் பெற்றோருக்கு நான் என்ன சொல்வேன் என்றார். அவர் கேட்டதில் அநியாயம் எதுவும் இல்லை. அதுதான் தாரணிக்கு அதிகமாக வலித்தது.

"தப்பா எடுத்துக்காத தாரணி" என்றார் சுரேந்தர். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா க்ளாஸ் நடத்தறோம் அல்லவா? ஆஸ்பத்திரி இல்லியே."

மறுநாள் அப்பாவைப் பக்கத்து வீட்டு மாதம்மாவிடம் விட்டுவிட்டு அவள் மட்டும் வந்தாள். அவர் சட்டை மாட்டிக்கொண்டு, கோலை எடுத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்றிருந்ததைத் திரும்பிப் பார்க்காமல்தான் பஸ் ஏறினாள்.

வகுப்பில் பிள்ளைகள் கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். அவள் பெயர்களை வாசித்தாள். அய்யாவு என்றபோது ஒரு கைதான் எழுந்தது. பிறகு அவள் பழத்தைத் தூக்கிக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்றாள். பதில் வரவில்லை. அடம் பிடிக்கிறார்களோ என்று பார்த்தாள், அப்படியும் இல்லை. பாட்டு இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று அவர்களுக்கே தெரியவில்லை. சொலாஞ் டீச்சர் பிரெஞ்சில் ஏதோ அதட்டினார். தெரேஸ் எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"வேர்... இஸ்... மிஸ்டர் அயாவு?"

அதுவரை வகுப்பில் யாரும் தானாக ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வி வாக்கியம் இன்னும் ஒழுங்காக நடத்தவேயில்லை. சொலாஞ் டீச்சர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு தன் மாணவியைப் பார்த்தார்.

"ஹி இஸ் அட் ஹோம்" என்றாள் தாரணி.

"வேர் இஸ் ஓம்?" என்றான் லுதோவிக்.

"ஹெப்பாள்."

"இஸ் ஹி சேட்?" என்றாள் தெரேஸ்.

வருத்தம் என்கிற அந்தச் சொல்லை அவள் எங்கே பிடித்தாள் என்று தாரணிக்குத் தெரியவில்லை. தானாக ஆம் என்று தலையை ஆட்டினாள். அதற்குமேல் அன்று பாடம் நடக்கவில்லை. வகுப்பு முடிந்து படியிறங்கும்போது சொலாஞ் டீச்சர் அவள் பக்கத்தில் வந்தார். இருவரும் சேர்ந்து நடந்தார்கள், பூக்கடை வரிசையின் ஈரத் தார்ப்பாய்களுக்குக் கீழே. "பதினெட்டு வருஷமாக நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன்" என்று அவர் தன் சுமார் இங்கிலீஷில் சொன்னார். "தெரேஸ் தானாக எழுந்து கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. பிரெஞ்சில்கூட." கொஞ்ச தூரம் போனதும், "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரலாமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஹெப்பாள் பஸ்ஸில் ஏழு பேரையும் இறக்கி, கம்பெனிச் சுவர்களை ஒட்டிய சந்தில் தாரணி கூட்டிப் போனாள். விடுமுறையானதால் தொழிற்சாலைகளில் சத்தமில்லை. சுவருக்குப் பின்னால் நின்ற மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் சித்தம்மா கத்தரிப்பூக் கலர் சேலையில், தலையில் பூ வைத்து, கோபமாக நின்றாள். கோபம் வருகிறவர்கள் மேல் இல்லை, ஏழு நாற்காலி இல்லையே என்று.

"வாங்க சாமி, வாங்க" என்றவள், தெரேஸைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். "ஏங்கண்ணு, நம்மூருப் புள்ளையாட்டவே இருக்குதே! இதா வேற தேசத்துப் புள்ள?"

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த அய்யாவு கோலை ஊன்றி எழ முயன்றார். ஐந்து நாளாக அவர் எதற்கும் வாய் திறக்கவில்லை, போதும் என்றுகூடச் சொல்லவில்லை. தெரேஸ் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் பாயில் உட்கார்ந்தார்கள். சொலாஞ் டீச்சருக்கு வீட்டிலிருந்த ஒரே நாற்காலி. சித்தம்மா ஆளுக்கொரு டம்ளர் காப்பியும் தட்டில் நிப்பட்டு என்கிற தட்டை முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

பிள்ளைகள் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்கள். அப்புறம் தெரேஸ் டம்ளரைத் தூக்கிக் கட்டில் காலில் விரலால் தட்டினாள். "ஸிஸ் இஸ் எ..."

"கப்" என்றான் லுதோவிக்.

"டம்ளரு" என்றாள் சித்தம்மா அவசரமாக. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "டம்ளருன்னு சொல்லிக் குடு கண்ணு. கப்புன்னா காது வெச்சிருக்கும்."

"ஸிஸ் இஸ் எ தம்லர்ர்" என்று பிள்ளைகள் பாடினார்கள். சித்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. அரிவாள்மனையைக் கொண்டுவந்து காட்டினாள், முறத்தைக் காட்டினாள், சுவரில் தொங்கின மாதேஸ்வரன் மலைக் காலண்டரைக் காட்டினாள். தாரணிக்கே முறத்துக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. அது முறமாகவே பாட்டில் ஏறியது. பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாக அந்தச் சின்ன அறையில் சாமான்கள் ஒவ்வொன்றாக எழுந்து தங்கள் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்வதுபோல் இருந்தது. அய்யாவின் இடது கை எப்போது கட்டிலைத் தட்டத் தொடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை.

"ஸிஸ் இஸ்..." என்று தெரேஸ் அடுத்த சாமானைத் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"ஸிஸ் இஸ்" என்றார் அய்யாவு.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் இடது கையைக் கட்டிலிலிருந்து எடுத்து நீட்டியிருந்தார். கையில் முறத்தோடு அடுக்களை வாசலில் நின்றிருந்த சித்தம்மாவை அந்த விரல் காட்டியது. அவர் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. தெரேஸ் அவருக்காகத் தாளத்தை விடாமல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஸிஸ் இஸ்... சி... சித்தம்மா."

யாரும் கை தட்டவில்லை. பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாது, அது எந்தச் சாமானின் பெயரோ என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் சித்தம்மா முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்த விதத்தைப் பார்த்து அவர்களும் அடங்கிவிட்டார்கள்.

"இந்தாங்கறதும் ஏ புள்ளைங்கறதுந்தான்" என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். "இருவத்தெட்டு வருசத்துல ஒரு நாளு பேரு சொல்லிக் கூப்புட்டதில்லைங்க இவரு. என்ற பேரு இவருக்கு ஞாபகம் இருக்குதான்னே எனக்குத் தெரியாது."

தாரணி அதை இங்கிலீஷில் சொலாஞ் டீச்சரிடம் சொன்னாள். அவர் பிரெஞ்சில் பிள்ளைகளிடம் சொன்னார். மூன்று பாஷை தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் தெரேஸ் கட்டிலில் முகம் புதைத்து அழுதாள். சித்தம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். "அழுவாத சாமி. நல்லதுதானே நடந்திருக்குது. எதுக்கு அழுவற?" என்று தானும் அழுதாள். அய்யாவு கிடைத்த வார்த்தையை விட்டுவிடப் பயந்தவர்போல் மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சொலாஞ் டீச்சரே சுரேந்தரிடம் பேசினார். அய்யாவு கடைசி பெஞ்சுக்குத் திரும்பினார். மிச்சமிருந்த நாட்களில் பிள்ளைகள் கேள்வி கேட்கவும், மார்க்கெட்டில் பேரம் பேசவும், தப்புத்தப்பாகக் கதை சொல்லவும் கற்றுக்கொண்டார்கள். பெரிய இங்கிலீஷ் இல்லை. ஆனால் வாய் திறக்கப் பயம் போயிருந்தது. கிளம்பும் நாளில் மைசூர் பஸ் ஸ்டாண்டில் சித்தம்மா நிப்பட்டு டப்பாவைத் தெரேஸ் கையில் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள், படிப்பை விடாதே, அம்மா பேச்சைக் கேள் என்று தமிழில் நீளமாகச் சொன்னாள். தெரேஸ் நீளமாக இங்கிலீஷில் பதில் சொன்னாள். ஒருத்திக்கும் ஒன்றும் புரியவில்லை, இருவரும் தலையாட்டினார்கள். பெங்களூர் பஸ் நகர்ந்தபோது தெரேஸ் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே போனாள். அந்தச் சத்தம் பஸ்ஸின் இரைச்சலில் கரைந்துபோன பிறகும், அய்யாவு கோலால் தரையைத் தட்டியபடி வெகுநேரம் நின்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். முழு வாக்கியம் ஒருநாளும் திரும்பவில்லை. சொற்கள் ஒன்றிரண்டாக வந்தன, பெரும்பாலும் அந்த ஸிஸ் இஸ் வழியாக. ஸிஸ் இஸ் காப்பி, ஸிஸ் இஸ் மழை, ஸிஸ் இஸ் தாரணி. தன் பெயர் வந்த அன்று தாரணி வகுப்புக்குத் தாமதமாகப் போனாள், காரணம் கேட்டபோது பஸ் கிடைக்கவில்லை என்றாள். சித்தம்மா மத்தியான அரை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு காலையெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டினாள், உருட்டிக்கொண்டே தாளம் போட்டாள். ஐப்பசியில் அவருக்கு இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை பிடிபட்டது. நோ.

அதிலிருந்து வீட்டில் சண்டை. ஒரு காலை தாரணி செருப்பை மாட்டும்போது உள்ளே சத்தம் கேட்டது.

"ராயிக் களி தின்னுங்க. டாக்டரு சொல்லியிருக்குது."

"நோ."

"நோவுமில்ல கீவுமில்ல. வாயத் தொறங்க."

"நோ. ஸிஸ் இஸ்... நோ."

"பாரு கண்ணு உங்கப்பன! அந்தப் புள்ளைக வந்து நல்ல மனுசனுக்கு எதுத்துப் பேசக் கத்துக் குடுத்துட்டுப் போயிருச்சுக!"

தாரணி சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினாள். பனி மூடியிருந்தது. கம்பெனி பஸ்கள் மஞ்சள் விளக்கோடு ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. சந்து முனை திரும்பும்வரை அவர்கள் இருவரின் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தது.